கோந்த்ரபாஸின் தந்தி: குடலிலிருந்து எஃகுக்கு



பாரிஸுக்கு அருகில் இருக்கும் என் பேத்தி சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். அவள் கோந்த்ரபாஸ் பயில்கிறாள். டபுள் பாஸ் என்றால் பலருக்குத் தெரியும். வயலின் மாதிரியே இருக்கும். ஆனால் ஆளைவிட உயரம், நின்றுகொண்டோ உயரமான முக்காலியில் அமர்ந்தோ வாசிக்க வேண்டும். பழைய வாத்தியம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறாள். அதற்குப் புதிய தந்தி போட வேண்டும்.

"தாத்தா, ஸ்டீல் போடறதா, அந்தக் காலத்து மாதிரி குடல் தந்தி போடறதா? பணம் நீங்கதானே தரப்போறீங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்து கோப்பு பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய ஞாபகம் உண்டு.

1963 வாக்கில் நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த முசியேயிடம் ஒரு கோந்த்ரபாஸ் இருந்தது. ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு நாளில் பள்ளி விழா. பாட்டின் நடுவில் பட்டென்று ஒரு சத்தம். ஒரு தந்தி அறுந்து முசியேயின் கையில் சுருண்டுகொண்டது. மனிதர் நிறுத்தவில்லை, மீதி மூன்று தந்தியில் பாட்டை முடித்தார். புதுத் தந்தி பிரான்சிலிருந்து கப்பலில் வர வேண்டும். மாதக்கணக்கில் அந்த வாத்தியம் மூன்று தந்தியோடு மூலையில் நின்றது.

அறுந்தது ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்தி. பிரெஞ்சில் அதற்கு 'புவாயோ' என்றே பெயர். குடல் என்று பொருள். பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் வயலின் முதல் கோந்த்ரபாஸ் வரை எல்லாவற்றுக்கும் குடல் தந்திதான். நம் முன்னோர்களும் யாழின் தந்தியை நரம்பு என்றுதானே சொன்னார்கள்! இன்றைக்கு உலோகக் கம்பி போட்ட வீணையையும் நாம் நரம்புக் கருவி என்றே சொல்கிறோம்.

தடித்த ஸ்வரம் வேண்டுமென்றால் தந்தி நீளமாக இருக்க வேண்டும், அல்லது கனமாக இருக்க வேண்டும், அல்லது தளர்வாக இருக்க வேண்டும். கோந்த்ரபாஸ் தந்தியின் அதிரும் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு மேல் நீண்டால் கை எட்டாது. ஆகவே கனத்தைக் கூட்ட வேண்டும். நான்கு தந்திகளில் மிகத் தடித்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர வேண்டும். வெறும் குடலில் அதைச் செய்தால் கிணற்றுக் கயிறு போலத் தடித்துவிடும், நாதம் மந்தமாகும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: குடலின் மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றுவது. பிரான்சில் இதைக் கொண்டுவந்தவர் வியோல் வித்வான் சேந்த் கொலோம்ப் என்று 1687இல் ழான் ரூசோ என்பவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். அப்படியும் மூன்று தந்தி மட்டும் போட்டு வாசித்தவர்கள் 19ஆம் நூற்றாண்டு வரை ஏராளம். கெய்ரோவில் 1871இல் 'ஐதா' ஓப்பெராவின் முதல் அரங்கேற்றத்தை நடத்திய பொத்தெசினி, கோந்த்ரபாஸில் பெரிய மேதை. அவருடைய வாத்தியத்திலும் மூன்றே தந்திகள்தான்.

குடலின் நாதம் இதமானது. குறை என்னவென்றால் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். மழை வந்தால் ஒரு சுருதி, வெயில் வந்தால் ஒரு சுருதி. நாளாக ஆக நார் நாராகப் பிரியும், பிறகு ஒரு நாள் அறுந்துவிடும்.

எஃகுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது குடலைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அடர்த்தி என்பதால் மெல்லிய தந்தியே போதும். ஆனால் ஒற்றைக் கம்பியாகத் தடித்தால் விறைத்துப்போகும். வியன்னாவில் 1919இல் தொடங்கிய தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் என்ற நிறுவனம் எஃகுத் தந்தியில் தொடர்ந்து உழைத்தது. 1950களில் அவர்களுடைய ஸ்பிரோகோர் தந்தி வந்தது. நுண்ணிய கம்பிகளைக் கயிறுபோல் முறுக்கி உள்ளே வைத்து, மேலே உலோகப் பட்டையைச் சுற்றியிருப்பார்கள். கனமும் உண்டு, நெகிழ்வும் உண்டு.

ஜாஸ் வாசிப்பவர்களுக்கு இது பெரிய மாற்றம். 1939இல் டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்த ஜிம்மி பிளாண்டன் காலத்தில், குடல் தந்தியை உயர்த்திக் கட்டி விரல் கொப்பளிக்க இழுத்தால்தான் பின்வரிசைக்குக் கேட்கும். எஃகு வந்த பிறகு தந்தியைப் பலகைக்கு அருகில் இறக்கினார்கள். மின்னொலிப் பெருக்கியும் துணைக்கு வந்தது. 'டும்' என்று அடங்கிய ஒலி, நீண்டு ரீங்கரிக்கும் ஒலியாயிற்று. சார்லி ஹேடன் மட்டும் மேல் இரண்டு தந்திக்குக் குடல், கீழ் இரண்டுக்கு எஃகு என்று வைத்துக்கொண்டார். இன்னொரு வேடிக்கை: எஃகுத் தந்தி செய்த அதே வியன்னாவில்தான் 1953இல் ஆர்னோன்கூர் தம் குழுவைத் தொடங்கி, பழைய இசையைப் பழையபடி குடல் தந்தியிலேயே வாசிக்கவைத்தார்.

முசியேயின் கதைக்கு வருகிறேன். கடைசியில் கப்பலில் பொதி வந்தது. பிரித்தால் உள்ளே நான்கும் எஃகு! அடுத்த மழைக்காலம் முழுவதும் ஒன்றும் அறவில்லை, சுருதியும் அதிகம் கலையவில்லை. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். முசியே மட்டும் ஒருநாள் வாசித்துவிட்டு, "இது ஒழுங்காகப் பேசுகிறது, ஆனால் என் குரலில் பேசவில்லை" என்றார். அன்றைக்குப் புரியவில்லை. இரண்டு ஒலியையும் ஒரே வாத்தியத்தில் கேட்டவன் என்பதால் இப்போது புரிகிறது.

பேத்திக்கு என்ன சொன்னேன்? முதலில் வாத்தியத்தைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டச் சொன்னேன். எஃகுத் தந்தி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ வரை இழுக்கும். நான்கும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். குதிரை வழியாக அந்த அழுத்தம் மேல்பலகையில் இறங்கும். குடல் தந்திக்கென்று செய்த பழைய பலகையானால் அமுங்கலாம், வெடிக்கலாம். தாங்கும் என்று அவர் சொன்னால் எஃகிலேயே இழுவிசை குறைந்த ரகம் போடு என்றேன். ஜெர்மன் மொழியில் 'வைக்', அதாவது மென்மை, என்று போட்டு விற்கிறார்கள். பள்ளி இசைக்குழுவில் முப்பது பேரோடு சேர்ந்து வாசிக்கும் பெண்ணுக்கு முதலில் நிற்கும் சுருதி வேண்டும். ஆர்னோன்கூர் மாதிரி வாசிக்க ஆசை வந்தால், அப்போது குடல் தந்திக்கும் தாத்தா பணம் தருவார். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஓய்வூதியத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.

"அறுந்த பழைய தந்தியைத் தூக்கிப் போடாதே" என்றும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். முசியே அந்த அறுந்த தந்தியைக் கடைசி வரை மேசை இழுப்பறையில் சுருட்டி வைத்திருந்தார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சரி தாத்தா" என்றாள.