நயினாதீவுக் கல்லும் கடல்வழியும்

கடல் தீவுகளைப் பிரிக்கிறது என்பர். அவற்றை உலகோடு இணைத்ததும் அக்கடலே. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைந்தால் தரைவழி முடிகிறது. அப்பால் படகேறியே நயினாதீவு செல்லவேண்டும். அங்கே நாகபூஷணி அம்மன் கோயிலில், 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைக் காணலாம்.

பரதேசிகள் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்க வேண்டும். அவர்களைக் காத்தல் வேண்டும் என்கிறது அக்கல். யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்காயின் சரிபாதி. யானையும் குதிரையும் மன்னனுக்கு வேண்டியிருந்தன, ஆதலின் அச்சலுகை.

கலம் உடைந்தபின்னும் அந்நியனின் உரிமை உடையவில்லை. அந்த உறுதியே துறையை வாயிலாக்கிற்று. அஃதின்றேல் கடல் வெறும் நீரே.