திருப்பிக் கொண்டுவருவேன் என்று எழுதித் தரும் தாள்
கார்னெட் புத்தகத்துக்கு ஒரு விளக்கவுரை

பாயிரம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவைத் தாண்டிக் கல்லாற்றுக்கு வரும் சாலை, அதன் பிறகு 22 கொண்டை ஊசி வளைவுகளில் பொன்முடிக்கு ஏறுகிறது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்ததிலிருந்து, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வண்டிகள் மாநிலத்தின் மலைச் சாலைகளில் பேச்சாகிவிட்டன. சொந்தமாகக் கேரவன் வைத்திருப்பவருக்கு ஒருநாள் இந்த எண்ணம் வரும்: இதையே கப்பலில் ஏற்றி, வெளிநாட்டில் சில மாதம் இதிலேயே குடியிருந்தால் என்ன? செய்து காட்டியவர்களும் உண்டு. 2022 அக்டோபரில் மாஹேயைச் சேர்ந்த நாஜி நௌஷி, ஐந்து குழந்தைகளின் தாய், உலகக் கோப்பைக் கால்பந்து பார்க்கத் தம் மஹிந்திரா தாரில் கேரளத்திலிருந்து கிளம்பினார். மும்பையில் வண்டியைக் கப்பலேற்றி ஓமானில் இறக்கி, வளைகுடா நாடுகளின் வழியே கத்தாருக்கு ஓட்டிச் சென்றார். கூரையில் கூடாரம், உள்ளே சமையல் வசதி. அளவில் சிறியதென்றாலும் அது ஓடும் வீடுதான்.

ஆசைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு புத்தகம் நிற்கிறது. அதற்குக் கார்னெட் என்று பெயர். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட கட்டங்கள்தாம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் பணத்தைத் தொடும். அதனால்தான் அதற்கு உரை தேவைப்படுகிறது.

ஆக்கியோன்: 1954 ஜூன் 4 அன்று நியூயார்க்கில் ஐ.நா. முன்னிலையில் தனியார் வாகனங்களின் தற்காலிக இறக்குமதி பற்றி ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. புத்தகத்தை அரசுகள் தருவதில்லை. அந்தந்த நாட்டு மோட்டார் சங்கங்கள் தருகின்றன. இந்தியாவில் மும்பையின் மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம், 1919இல் தொடங்கியது, இந்த வேலையைச் செய்கிறது.

நூற்பயன்: எந்த நாட்டுக்குள் வண்டி நுழைந்தாலும் சுங்கத் துறையின் கண்ணுக்கு அது இறக்குமதிச் சரக்கு. சரக்குக்கு வரி உண்டு. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புபவரிடம் வரி வாங்குவது நியாயமில்லை; வாங்காமல் விட்டால் வண்டியை அங்கேயே விற்றுவிடலாம். இந்தச் சிக்கலுக்கு ஒரு மூன்றாம் ஆள் பிணை நிற்பதே தீர்வு. வண்டி வெளியேறாவிட்டால் வரியை நாங்கள் கட்டுகிறோம் என்று மோட்டார் சங்கம் சுங்கத்திடம் உறுதி சொல்கிறது. அந்த உறுதிக்கு ஈடாக நம்மிடம் பிணை வாங்கி வைத்துக்கொள்கிறது. நூல் முழுவதும் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

எங்கே வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் வேண்டாம். நேபாளத்துக்கு எல்லையில் கட்டும் பன்சார் வரியே போதும். ஈரான், பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஜப்பான், வளைகுடா நாடுகளில் பல ஆகியவை கேட்கும்.

முதல் கட்டம்: உரிமையாளரின் பெயர், வழக்கமாக வசிக்கும் முகவரி

பெயர் கடவுச்சீட்டிலும் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யிலும் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வண்டி மனைவி பெயரில், ஓட்டுவது கணவர் என்றால் எழுத்தில் அதிகாரக் கடிதம் வேண்டும்.

முகவரிக்கு இன்னும் ஆழமான பொருள் உண்டு. எந்த நாட்டுக்கு வண்டி போகிறதோ அந்த நாட்டில் வசிக்காதவருக்கே இந்தச் சலுகை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் வளைகுடா உறவு இல்லாத ஊர் அரிது என்பதால் இது நமக்கு முக்கியம். துபாயில் குடியிருப்பு விசாவுடன் வேலை பார்க்கும் மகனிடம் வண்டியைக் கொடுத்து, நீ ஓட்டிக்கொண்டிரு, நான் ஊருக்குப் போய் வருகிறேன் என்று சொல்ல முடியாது. அவர் அங்கே வசிப்பவர். விற்பதும் வாடகைக்கு விடுவதும் அதேபோல் விலக்கு. கார்னெட்டில் இந்தியாவுக்குள் வந்த சொகுசுக் கார்களைத் திருப்பி அனுப்பாமல் விற்ற வழக்குகள் இங்கே நடந்திருக்கின்றன. துறைமுகத்தில் அதிகாரிகள் சந்தேகத்தோடு கேள்வி கேட்பது அந்த அனுபவத்தால்தான்.

இரண்டாம் கட்டம்: செல்லுபடியாகும் கடைசி நாள்

கார்னெட்டுக்கு ஓர் ஆண்டு ஆயுள். பயணி கவனிக்கத் தவறுவது, அந்த ஆண்டு தொடங்கும் இடம். கப்பல் கரை சேரும் நாளிலிருந்து இல்லை, புத்தகம் வழங்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கும் வாரங்களும் கடலில் கழியும் நாட்களும் அதில் அடங்கும்.

இது உச்ச வரம்பு மட்டும். ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு ஒரு குறுகிய வரம்பு வைக்கும். இந்தியா வெளிநாட்டு வண்டிக்குத் தருவது ஆறு மாதம். கார்னெட்டில் ஆண்டு மீதம் இருப்பது அந்த வரம்பை நீட்டாது. இவற்றோடு விசாவின் காலம் தனி. நெடுமங்காடு ஆர்.டி. அலுவலகத்தில் 1000 ரூபாய் கட்டணத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் ஓராண்டுக்கே. நான்கு கெடுக்களில் எது முதலில் முடிகிறதோ அதுவே உங்கள் பயணத்தின் கடைசி நாள். நீட்டிப்புக் கேட்கலாம், புத்தகம் உயிரோடு இருக்கும்போதே, சங்கத்தின் வழியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாம் கட்டம்: வண்டியின் அடையாளம்

பதிவு எண், தயாரித்த ஆண்டு, சேசிஸ் எண், எஞ்சின் எண், சிலிண்டர் எண்ணிக்கை, குதிரைத் திறன், வண்டியின் வகை, நிறம், இருக்கை உறையின் தன்மை, இருக்கைகள், ரேடியோ, உபரி டயர்கள், எடை, மதிப்பு. கல்லாற்று வண்டியானால் பதிவு எண் கே.எல். 21 என்று தொடங்கும், பின்புறம் ஐ.என்.டி. என்ற நாட்டுக் குறியும் ஒட்ட வேண்டும்.

இவற்றில் உயிர்நாடி சேசிஸ் எண். அதிகாரி பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான். துரு ஏறி எழுத்து மறைந்திருந்தால் கிளம்பும் முன்பே சுத்தம் செய்து, படிக்கும்படி வைத்திருங்கள்.

அடுத்தது, வகை. நம் ஊரில் வேனை வாங்கி, இருக்கையைக் கழற்றி, கட்டில் போட்டு வீடாக்குபவர்கள் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்கிறது. 2021இல் கண்ணூரில் இப்படி மாற்றிய வேன் ஒன்றை மோட்டார் வாகனத் துறை பிடித்து வைத்தது மாநிலமே பேசிய செய்தி. ஆர்.சி.யில் பயணிகள் வேன், கார்னெட்டில் கேரவன் என்று இருந்தால் வெளிநாட்டுச் சுங்கச் சாவடி வரை போக வேண்டியதே இல்லை, இங்கேயே நிற்கும். முதலில் ஆர்.சி.யைச் சரிசெய்து, பிறகு கார்னெட்டுக்கு மனுப் போடுவதே முறை.

ரேடியோவையும் இருக்கை உறையையும் கேட்பது இன்று விந்தையாகத் தோன்றும். 1954இல் ரேடியோ கழற்றி விற்கக்கூடிய விலைப் பொருள். அதே தர்க்கம் இன்று ‘மற்ற விவரங்கள்’ என்ற வரிக்கு இடம் மாறியிருக்கிறது. சாதாரணக் காருக்கு அது வெற்று வரி. கேரவனுக்கு அதுவே பெரிய வரி. சூரியத் தகடு, பேட்டரி, குளிர்பெட்டி, ஏ.சி., ஜெனரேட்டர், பின்னால் தொங்கும் சைக்கிள்கள் எல்லாம் அதில் வர வேண்டும். எழுதிக் கொண்டுபோன ஜெனரேட்டர் திரும்பும்போது இல்லையென்றால் விற்றதாகக் கொள்ளலாம்; எழுதாமல் கொண்டுபோனது இருந்தால் புதிதாக வாங்கியதாகக் கொள்ளலாம். இரண்டுமே வரிக்கு வழி.

மதிப்பு என்ற வரியில் பலருக்குக் கை நடுங்கும். பிணைத் தொகை அதை வைத்தே கணக்கிடப்படும். போகும் நாடுகளைப் பொறுத்து வண்டி விலையையே தாண்டிவிடவும் கூடும். ஆகவே மதிப்பைக் குறைத்துக் காட்ட ஆசை வரும். காப்பீட்டுத் தாளில் உள்ள மதிப்போடு பொருந்தாத எண் நிற்காது. வங்கி உத்தரவாதமோ வைப்புத் தொகையோ, அந்தப் பணம் பயணம் முழுக்க முடங்கும். டீசல் செலவுக்கு முன்னால் கணக்குப் பார்க்க வேண்டியது இதற்குத்தான்.

காப்பீடு கார்னெட்டில் இல்லை. ஆனாலும் இங்கே சொல்ல வேண்டும். இந்திய மோட்டார் பாலிசியைக் கூடுதல் கட்டணத்தில் வங்கதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றுக்கு நீட்டலாம். அதற்கு அப்பால் அந்தந்த நாட்டில் தனியே வாங்க வேண்டும்.

நான்காம் பகுதி: ஒரு பக்கம், மூன்று துண்டு

நூலின் உள்ளுறை இங்கேதான். ஒவ்வொரு பக்கமும் மூன்றாகப் பிரிந்திருக்கும். அடியில் நுழைவுச் சீட்டு, நடுவில் வெளியேறும் சீட்டு, மேலே புத்தகத்தோடு தங்கும் அடிக்கட்டை. நுழையும் போது அதிகாரி அடித் துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரை இடுவார். வெளியேறும் போது நடுத் துண்டைக் கிழித்து, அதே அடிக்கட்டையில் இரண்டாம் முத்திரை இடுவார். இரண்டு முத்திரையும் உள்ள அடிக்கட்டை என்றால் அந்த நாட்டின் கணக்கு தீர்ந்தது.

ஒரு நுழைவுக்கு ஒரு பக்கம். புத்தகம் 5, 10, 25 பக்கங்களில் கிடைக்கும். நாடுகளை எண்ணிப் பக்கம் வாங்குவது தவறான கணக்கு. நுழைவுகளை எண்ண வேண்டும். ஓமானின் முசந்தம் பகுதி, இடையில் ஐக்கிய அரபு அமீரகத்தால் பிரிந்து கிடக்கிறது. மஸ்கட்டில் கிளம்பி முசந்தம் பார்த்துத் திரும்புபவர், ஒரே ஓமான் பயணத்தில் நான்கு முறை எல்லை கடக்கிறார். ஐந்து பக்கப் புத்தகம் அங்கேயே இளைத்துவிடும்.

பெரிய ஆபத்து வெளியேறும் முத்திரை. நுழையும் போது முத்திரையில்லாமல் விடமாட்டார்கள், அது அவர்கள் கவலை. வெளியேறும் முத்திரை உங்கள் கவலை. குடியேற்றச் சாளரத்தில் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துக் கேட்டைத் தாண்டுவது எளிது. சுங்கச் சாளரம் வேறு. பல எல்லைகளில் வேறு கட்டடத்திலேயே இருக்கும். அந்த ஒரு முத்திரை இல்லாவிட்டால், காகிதக் கணக்கில் உங்கள் வண்டி இன்னும் அந்த நாட்டில்தான் நிற்கிறது.

கப்பலுக்கும் இதே விதி. வண்டியை ஓட்டியே ஏற்றும் ரோரோ கப்பலானாலும், கொள்கலனானாலும் ஏற்றுமுன் முத்திரை வேண்டும். கேரவனுக்கு உயரம் ஒரு தடை: பெரும்பாலானவை கொள்கலன் கதவுக்குள் நுழையாது, ரோரோவே வழி. அதில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எரிவாயு உருளையை எடுத்துவிடச் சொல்வார்கள். விலையுயர்ந்த பொருளை உள்ளே விட்டுச் செல்வது விவேகமில்லை.

கார்னெட் இருந்தால் எல்லா நாடும் கதவு திறக்கும் என்றும் எண்ண வேண்டாம். தாய்லாந்து 2016 முதல் வெளிநாட்டு வண்டிகளுக்கு முன்அனுமதி கேட்கிறது; கேரவன்களை அந்த ஏற்பாட்டிலிருந்தே விலக்கியது.

கடைசிப் பகுதி: இருப்பிடச் சான்று

முத்திரை தவறிப்போனவருக்கு நூலின் இறுதியில் ஒரு பரிகாரம் உண்டு. வண்டியை ஊருக்குக் கொண்டுவந்த பின், சுங்க அதிகாரி போன்ற அரசு அலுவலர் ஒருவர் சேசிஸ் எண்ணை நேரில் பார்த்து, இந்த வண்டி இன்று இங்கே இருக்கிறது என்று சான்று தருவது. வண்டி வெளியேறாததாகச் சுங்கம் நினைத்தால், கார்னெட் காலாவதியான ஓராண்டுக்குள் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். மறுப்புக்கான ஆதாரம் காட்டச் சங்கத்துக்கும் அவகாசம் உண்டு. அதனால் பழைய புத்தகத்தின் நகலையும் கப்பல் ரசீதுகளையும் சில ஆண்டுகளாவது பத்திரமாக வையுங்கள்.

விபத்தில் வண்டி நொறுங்கிவிட்டால்? பாதையோரம் விட்டுவிட்டு விமானம் ஏறக் கூடாது. வரி கட்டலாம், அரசிடம் ஒப்படைக்கலாம், சுங்கத்தின் கண் முன்னால் அழிக்கலாம். இரும்புக் குப்பையானாலும் அதற்குக் கணக்கு உண்டு.

திரும்பிய வண்டி, கிளம்பிய அதே வண்டிதான் என்று இந்தியத் துறைமுகத்தில் மீண்டும் சேசிஸ் எண்ணால் நிறுவ வேண்டும். பிறகு புத்தகத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்தால், அவர்கள் அடிக்கட்டைகளைச் சரிபார்த்துப் பிணையை விடுவிப்பார்கள். பயணம் முடிவது அன்றுதான்.

புறநடை

1957 ஏப்ரல் 15 அன்று லண்டனில் கிளம்பிய ‘இந்தியா மேன்’ என்ற பேருந்து, 20 பயணிகளுடன் ஜூன் 5இல் கல்கத்தா வந்து சேர்ந்தது. 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைவும் அந்தத் தரைவழியை முறித்தன. இன்று இந்திய எண் பலகையோடு மேற்கே போக விரும்புபவருக்குப் பாகிஸ்தான் வழி இல்லை, கடல்தான் வழி. கடல்வழி என்றால் துறைமுகம், துறைமுகம் என்றால் சுங்கம்.

ஆகவே கேரவனோடு புறப்பட எண்ணுபவருக்கு உரைகாரர் சொல்லும் வரிசை இது: முதலில் ஆர்.சி., பிறகு பிணைப் பணம், பிறகு பக்கங்களின் எண்ணிக்கை, அதன் பிறகே வரைபடம். எந்த எல்லையிலும், எத்தனை மணியானாலும், அடிக்கட்டையில் இரண்டாம் முத்திரை விழுந்ததை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு வண்டியை எடுங்கள்.