ஓட்டல் வேலையும் ஒரு மோட்டார் சைக்கிளும்

கோவை அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு "ஹோப் காலேஜ்" என்ற நிறுத்தம் நன்றாகத் தெரியும். பீளமேடு தாண்டியதும் கண்டக்டர் குரல் கொடுப்பார். நம்பி இறங்கிக் காலேஜைத் தேடினால் அந்தப் பெயரில் ஒன்றும் கிடையாது! பெயர் மட்டும்தான் மிச்சம். அந்தக் காலேஜை உண்டாக்கியவர் பள்ளிப் படிப்பையே தாண்டாதவர். கோவையில் ஓட்டல் சர்வராக இருந்தவர். பெயர் ஜி.டி. நாயுடு.

சூலூர் பக்கம் கலங்கல் கிராமம். 1893 மார்ச் 23-ல் பிறந்தார். பிறந்த கொஞ்ச நாளிலேயே தாய் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. வாத்தியார் முகத்தில் மணலை வீசிவிட்டு ஓடினார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, படிப்பு நின்றது உண்மை. காட்டு வேலைக்குப் போனார்.

ஒருநாள் அந்த வழியாக லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் கம்பெனி வண்டி, 1912 மாடல் என்கிறார்கள். நாயுடு அப்போது பள்ளிச் சிறுவன் என்று சிலர் எழுதுவதுண்டு. கணக்கு இடிக்கிறது. 1912 என்றால் அவருக்கு வயது பத்தொன்பது. மீசை முளைத்த வாலிபர்!

ரட்ஜ் கம்பெனி பற்றி ஒரு விஷயம். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் இருந்த அது அடிப்படையில் ஒரு சைக்கிள் கம்பெனி. 1911 வாக்கில்தான் மோட்டார் சைக்கிள் விற்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளை இன்று பார்த்தால் தடித்த சைக்கிள் சட்டத்துக்குள் ஒரு எஞ்சினை உட்கார வைத்தது போலத்தான் இருக்கும். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு பெல்ட் ஓடும். மூடி மறைத்த பாகங்கள் குறைவு. எது எதைச் சுழற்றுகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். மாட்டு வண்டியைத் தவிர வேறு வாகனம் பழகாத ஒருவருக்கு, மாடும் இல்லாமல் மிதிக்கவும் மிதிக்காமல் ஓடுகிற அந்த இரண்டு சக்கரம் தூக்கத்தைக் கெடுத்ததில் ஆச்சரியமில்லை.

வண்டி வேண்டும். காசு இல்லை. நாயுடு கோவைக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார்.

கொங்கு நாட்டுக் கிராமத்தில் அன்று சாப்பாடு என்றால் கம்பஞ்சோறு, ராகிக் களி, கொள்ளு. காசு கொடுத்து வெளியே சாப்பிடுவது டவுன்காரர் பழக்கம். காப்பி கிளப்புகள் அப்போதுதான் ஊருக்கு ஊர் பரவிக்கொண்டிருந்தன. கொஞ்சமாவது சொந்த நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளை டவுனில் போய் இலை போட்டுப் பரிமாறுவதை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று கற்பனை செய்து கொள்ளலாம். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்று வருஷம்! ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை. சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்து, கடைசியில் அதே ரட்ஜ் வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊரெல்லாம் சுற்றிக் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். திரும்ப மாட்டினார். மெக்கானிக் வேலையை அப்படித்தான் கற்றுக்கொண்டார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அன்று மோட்டார் சைக்கிளைப் பற்றித் தமிழில் எந்தப் புத்தகம் கிடைத்திருக்கும்? பெல்ட்டும் போல்ட்டும்தான் பாடம்.

அடுத்த சில வருஷங்களை வேகமாகக் கடந்துவிடலாம். திருப்பூரில் பருத்தி வியாபாரம், முதல் உலகப் போர் காலத்து லாபம், பம்பாய்க்குப் போய்ச் சம்பாதித்ததை விட்டுவிட்டு வந்தது. பிறகு 1920-ல் ஒரு பஸ். கோவையில் ஆலையும் பள்ளிக்கூடமும் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே நாயுடுவே அந்த பஸ்ஸை ஓட்டினார்.

எந்த ரூட்டைப் பிடித்தார் பாருங்கள்! பொள்ளாச்சிக்கு 1915-லேயே ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து உடுமலை வழியாகப் பழனிக்கு ரயில் போனது 1928-ல்தான். நடுவில் வண்டி கட்டியோ நடந்தோதான் போக வேண்டும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கட்டுச்சோற்று மூட்டையோடு கொங்கு நாடே நடந்த பாதை அது. ரயில் விட்ட இடைவெளியில் பஸ்ஸை விட்டார். அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி ஆயிற்று. நேரம் தவறாத பஸ் என்று பெயர் எடுத்தது. பசியோடு உட்கார்ந்திருப்பவனைக் காக்க வைத்தால் என்ன ஆகும் என்பது சர்வர் வேலை பார்த்தவருக்குத் தெரியாதா என்ன.

பேட்டரியில் ஓடும் சவர மெஷின், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று அவர் செய்தவை ஒரு பெரிய வரிசை. 1937-ல் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையிலிருந்து இந்தியாவிலேயே செய்த மின் மோட்டார் வெளிவந்தது. அதில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் உழைப்பு பெரியது. ஜி.டி. நாயுடுவைப் புகழும் வேகத்தில் பலர் அந்தப் பெயரை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது காலேஜுக்கு வருவோம். 1945-ல் நாயுடுவின் முயற்சியில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். நாயுடுவே முதல்வர். உட்கார்ந்ததும் ஒரு சண்டையை ஆரம்பித்தார். இஞ்சினியரிங் படிக்க நான்கு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதாதா, இத்தனை விடுமுறை எதற்கு என்று கேட்டார். பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார்.

இஞ்சினியரிங் மாணவர்களுக்குக் கேட்க இனிக்கிற வாதம்தான். ஆனால் அவர் வாழ்க்கையையே சாட்சிக்குக் கூப்பிட்டால் தீர்ப்பு கொஞ்சம் மாறுகிறது. அந்த ரட்ஜ் வண்டியைத் தொடுவதற்கு முன்பே மூன்று வருஷம் தட்டு தூக்கினார். கழற்றி மாட்டிப் பழகியது அதற்கு மேல். பருத்தியில் பட்ட அடி வேறு. முதல் பஸ்ஸை ஓட்டும்போது வயது இருபத்தேழு. வண்டியைப் பார்த்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் எட்டு வருஷம்! இரண்டு வருஷத்தில் முடிகிற படிப்பை அவரே படிக்கவில்லை. அவர் எதிர்த்தது உண்மையில் வருஷக் கணக்கையா, கையால் தொடாமலே கழிகிற வருஷங்களையா? இரண்டாவதுதான் என்றால் அந்தச் சண்டையில் அவர் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. மூன்று வருஷ ஆசையோடு வந்தவனுக்குத்தான் கழற்றிய போல்ட் ஒவ்வொன்றும் நினைவில் நிற்கும். ஆசையே இல்லாமல் வந்து உட்கார்ந்தவனுக்கு எத்தனை வருஷம் வைத்தால் போதும் என்பதற்கு நாயுடுவிடமும் பதில் இல்லை, அரசிடமும் இல்லை.

கல்லூரி 1950-ல் தடாகம் ரோட்டுக்கு மாறியது. அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. படிப்பு இன்றும் நான்கு வருஷம்தான். நாயுடு 1974 ஜனவரி 4-ல் காலமானார். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறந்து அவர் பெயரை வைத்தார்கள். கீழே பழைய நிறுத்தத்துக்கு இன்னும் ஹோப் காலேஜ் என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.