இரும்புக்கையும் பாலாறும்: தமிழ்ச் சாகசச் சித்திரக்கதையில் தீங்கின் முகம்

இயல்பை மீறிய ஆற்றலோ கவசமோ கொண்ட ஒருவர் கொடியவர்களை எதிர்த்து நிற்கும் அதிநாயகச் சித்திரக்கதை, தமிழில் பெரும்பாலும் சிவகாசி அச்சகங்களின் வழியே வந்து சேர்ந்தது. 1972இல் எம். சௌந்திரபாண்டியனின் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யை முதல் இதழாக வெளியிட்டது, 1984இல் அவர் மகன் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ், ஸ்பைடரையும் இரும்பு மனிதன் ஆர்ச்சியையும் வாசகரிடம் கொண்டுசேர்த்தது. மூவரும் பிரிட்டிஷ் வார இதழ்களில் பிறந்தவர்கள். இக்கதைகள் தீங்கு அனைத்தையும் எவரோ ஒருவருடைய நோக்கத்தின் விளைவாகவே காண்கின்றன என்பதும், அந்தப் பார்வையின் எல்லையை வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தின் வரலாறு துலக்கமாகக் காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கென் பல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைய, 1962இல் ‘வேலியன்ட்’ இதழில் தொடங்கிய தொடரே இரும்புக்கை மாயாவியின் மூலம். நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்துபோக, ஆளில்லாத அறையின் நடுவே அந்த உலோகக் கை மட்டும் விரல்களை விரித்தபடி மிதக்கிறது. அவனது ஆற்றல் வரமாகக் கிடைத்ததன்று, பணியிட விபத்தின் எச்சம். உடலில் ஏறிய மின்சாரம் தீர்ந்ததும் மீண்டும் மின்கம்பியைத் தேடி ஓடவேண்டிய அளவுக்குக் குறைபாடுள்ளது. தொடக்கத்தில் கொள்ளைக்காரனாகத் திரிந்து, பின்னரே நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகிறான். ஒரு தொழிலாளியின் கதையாக விரிந்திருக்கக்கூடிய இத்தொடக்கம் அவ்வாறு விரியவில்லை. கை போனவனுக்கு யார் பொறுப்பு, ஆய்வுக்கூடத்தில் என்ன பாதுகாப்பு இருந்தது என்ற கேள்விகள் எழுவதற்குள் கதை வங்கிப் பெட்டகத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

1965இல் ‘லயன்’ வார இதழில் தோன்றிய ஸ்பைடரும் குற்றவுலகின் மன்னனாக ஆசைப்பட்டவனே. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பின்னாளில் எழுதிய இத்தொடரில், காலப்போக்கில் அவன் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறினான். ஆக, நாயகனும் வில்லனும் பக்கம் மாறலாம். தீங்கைத் திட்டமிடும் ஒரு மூளை எங்கோ இருந்தாகவேண்டும் என்ற விதி மட்டும் மாறுவதில்லை.

முத்து காமிக்ஸ் பிறந்த அதே 1970களில், பதனிடாத தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதைத் தொடர்ந்து ஆவாரம்பட்டைப் பதனீட்டின் இடத்தைக் குரோம் பதனீடு பெருமளவில் பிடித்தது. சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோலைக் குரோமிய உப்புக் கரைசலுடன் சுழலும் டிரம்மில் இட்டு, அழுகாத பொருளாக்குவதே இம்முறை. டிரம்மிலிருந்து வெளிர்நீலமாக வெளிவரும் தோலைத் தொழிலில் ‘வெட் புளூ’ என்கின்றனர். பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை இதில் ஓரிரு நாளில் முடிந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பிழைப்பும் பாலாற்றுப் படுகையின் கேடும் சேர்ந்தே வளர்ந்தன. பொதுப் பேச்சில் குரோமியமே வில்லன். ஆனால் கிணறுகளைக் கரிக்கச் செய்ததில், பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தூவும் சாதாரண உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. உப்பை வில்லனாக வரைய எந்த ஓவியராலும் முடியாது.

இந்தத் தீங்கை எதிர்கொண்ட முறையும் வேறாகவே இருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், சுமார் 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்றும் அத்தீர்ப்பு குறித்துக்கொண்டது; ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அது ஏற்ற ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்னும் கோட்பாட்டின்படி, கேடு விளைந்ததே போதும்; கெடுக்கும் எண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை. சித்திரக்கதையின் நீதியோ எண்ணத்தை மட்டுமே பார்க்கிறது. கொக்கரிக்காத வில்லனை அதனால் அடையாளம் காண இயலாது.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில், மாசைத் தடுப்பதற்கென்றே அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது கசடு பாய்ந்து பத்துப் பேர் இறந்தனர். கிராண்டேலுக்கு வல்லமை தந்த அதே வகை நிகழ்வு, அதாவது பணியிட விபத்து, இங்கே யாருக்கும் எதையும் தரவில்லை.

சிறுவர் பொழுதுபோக்கிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் இந்தப் பழக்கம் சிறுவர் இதழ்களோடு நின்றுவிடவில்லை. 2023இல் வெளிவந்த மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ திரைப்படத்தில் நாயகன் நாளிதழுக்குச் சித்திரக்கதை வரைபவன். அவனது குடும்பம் குடிபெயர்க்கப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு பூச்சு உதிர்ந்து விரிசல் விடுகிறது. ஒப்பந்தம், ஆய்வு, ஒப்புதல் எனப் பல மேசைகளைக் கடந்துவந்திருக்கவேண்டிய அந்தக் கேட்டை, படம் இறுதியில் ஓர் அமைச்சரின் முகத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறது. அதிநாயக வடிவத்தை உள்ளிருந்தே கேலி செய்யும் படைப்பாலும் அதன் அடிப்படை விதியைக் கைவிட முடியவில்லை.

காலமும் இவ்வடிவத்துக்கு ஒத்துவரவில்லை. பிரிட்டிஷ் இதழ்களில் வாரம் இரண்டு மூன்று பக்கமாக நீண்ட தொடர்களைச் சிவகாசி ஒரே புத்தகமாகத் தொகுத்தளித்ததால், வில்லன் தோன்றிய புத்தகத்திலேயே தோற்றும்போனான். 1991இல் தொடங்கிய தோல் கழிவு வழக்கிலோ, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டை அரசே முதலில் வழங்கி, பின்னர் மாசுபடுத்தியோரிடம் வசூலித்துக்கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. அதற்குள் பழைய வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது.