கிளேபாங்: ஒரு கடலோர ஊரும் மலாக்காத் தமிழரின் இரு வரலாறுகளும்

மலாக்காவின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆற்று முகத்துவாரத்தையும் கோட்டை நின்ற குன்றையும் சுற்றியே எழுதினார்கள். பரமேசுவரா, அல்புகெர்க், டச்சு ஆளுநர்கள், ஆங்கில அதிகாரிகள் எல்லாரும் அங்கேதான் வந்து போகிறார்கள். நகர எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர்களுக்கு அந்த ஏடுகளில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. கிளேபாங் அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. ஆனால் இதன் நிலத்தையும் அண்டை ஊர்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், மலாக்காத் தமிழரின் இரு வரலாறுகள் இங்கே சில கிலோமீட்டர் இடைவெளிக்குள் அடங்கியிருப்பது தெரியவரும். ஒன்று கடல்வழி வந்த வணிகருடையது. மற்றது பால்மர (ரப்பர்) தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருடையது.

நிலத்தின் அமைப்பு

மலாக்கா தெங்கா மாவட்டத்தில், நகருக்கு வடமேற்கே கடலை ஒட்டிக் கிடக்கிறது கிளேபாங். கிளேபாங் கெச்சில், கிளேபாங் பெசார் என்று இதில் இரண்டு முக்கிம்கள் (மாவட்டத்தின் உட்பிரிவுகள்). தெங்கெராவிலிருந்து லிம்போங்கான் வழியாக வரும் பழைய கரையோரச் சாலை இவற்றைக் கடந்து தஞ்சோங் கெலிங் நோக்கிச் செல்கிறது.

எதிரே நீரிணை, அதற்கப்பால் சுமத்ரா. அந்தப் பெருந்தீவு அரணாக இருப்பதால் இங்கே பேரலைகள் எழுவதில்லை. கரையில் மணலோடு சேறும் படியும். முக்கியமாகத் தென்மேற்குப் பருவ மாதங்களில், விடிவதற்குச் சற்று முன் ‘சுமத்ரா’ என்றே மாலுமிகள் அழைத்த சூறைக்காற்று மழையோடு வந்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

இப்பகுதியைக் கரையிலிருந்து உள்நாடு நோக்கிப் பார்த்தால் கடலோரத்தில் தென்னைகளும் மலாய்க் கம்பங்களும் (சிற்றூர்களும்), அடுத்துத் தாழ்வான வயல் நிலமும், அதற்கும் அப்பால் செம்மண் மேடுகளும் வருகின்றன. யார் எங்கே குடியேறினார்கள் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது இந்த வரிசைதான். மீனவரும் வணிகரும் கரையைப் பற்றிக்கொண்டார்கள். நெல் விளைவித்தோர் தாழ்நிலத்தை நாடினார்கள். பால்மரம் வந்தபோது அது மேட்டு நிலத்தைத் தேடிப் போனது.

கரைவழி வந்தோர்

பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்காவில் சோழமண்டலக் கரை வணிகர் செல்வாக்குடன் இருந்தனர். 1511இல் நகரைப் பிடித்த போர்ச்சுகீசியர், அவ்வணிகருள் ஒருவரான நைனா சத்து என்பவரையே பெண்டஹாரா என்னும் உயர் பதவியில் அமர்த்தினார்கள். 1514இல் அப்பதவி அவரைவிட்டுப் போயிற்று. ஆற்றுக்கு வடமேற்கே ‘உப்பே’ எனப்பட்ட புறநகர் இருந்தது. 1613இல் மலாக்காவைப் பற்றி விரிவாக எழுதிய கொதின்யோ தெ எரேதியா, அங்கே சோழமண்டல வணிகர் வாழ்ந்த கம்போங் கெலிங்கைக் குறிப்பிடுகிறார். அந்தப் பக்கத்துக் கரையை அடுத்ததுதான் கிளேபாங். 1640இல் டச்சுப்படை நகருக்கு வடக்கே இறங்கித் தெங்கெராப் புறநகரைப் பிடித்த பிறகே கோட்டையை நெருக்கியது. 1641 ஜனவரியில் கோட்டை விழுந்தது.

வணிகம் கைநழுவிய பிறகு, மலாக்காச் செட்டிகள் எனப்படும் அவ்வணிகரின் வழித்தோன்றல்கள் கடைவீதியை விட்டு உள்ளே காஜா பெராங்கின் வயல் பக்கம் நகர்ந்தார்கள். பேச்சில் மலாய் கலந்தது. வழிபாட்டில் சைவம் நிலைத்தது. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் 1822இல் எழுந்த காஜா பெராங் முத்துமாரியம்மன் ஆலயமும் அவர்களுடைய வரலாற்றின் சான்றுகள். பின்னர் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இந்நிலப்பரப்பில் இன்னொரு தடத்தைப் பதித்தனர். மாசி மகத்தன்று விநாயகர் ஆலயத்திலிருந்து செங் என்னும் ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வெள்ளி இரதம் போகும் வழி அது.

தோட்டவழி வந்தோர்

இரண்டாம் வரலாறு 1896இல் தொடங்குகிறது. மலாக்காவைச் சேர்ந்த பாபா (உள்ளூர்ச் சீன) வணிகர் தான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரானது அங்கேதான் முதன்முதலில். அடுத்து புக்கிட் அசகானிலும் பெருமளவில் நட்டார். அதுவரை மரவள்ளி விளைந்து சத்திழந்திருந்த மேட்டு நிலங்கள் ஒவ்வொன்றாகப் பால்மரத்துக்கு மாறின. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியும் கங்காணி முறையும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை இங்கே கொண்டுவந்தன. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இந்த வரத்து நீடித்தது. லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பிரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு), கித்தா (ரப்பர்) ஸ்டோர், மாரியம்மன் கோயில், ஓராசிரியர் பள்ளி என ஒவ்வொரு தோட்டமும் தனக்குள் அடங்கிய உலகமாயிற்று.

இந்தத் தோட்டங்களையும் நகரையும் இணைத்த தம்பின்–மலாக்கா இருப்புப்பாதை 1905இல் திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்குப் போயின. அதே பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரும் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்கும் துண்டாடல் வந்தது. துண்டாடல் தந்த அச்சத்தில்தான் 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் பத்து பெரெண்டாமிலும் தஞ்சோங் கெலிங்கிலும் சுதந்திர வர்த்தக வட்டாரங்கள் உருவாகி, தோட்டத்துப் பிள்ளைகளைத் தொழிற்சாலைகளுக்கு இழுத்தன. பால்வெட்டுக் குடும்பங்கள் நகரோர வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. கிளேபாங்கை அடுத்த பாயா ரும்புட்டிலும் ஒரு தமிழ்ப்பள்ளி நடந்துவருகிறது.

நகர்ந்த கரை

கடந்த சில பத்தாண்டுகளில் கிளேபாங்கின் கரையே இடம் மாறிவிட்டது. கடல் தூர்க்கப்பட்டது, குவிக்கப்பட்ட மணல் மேடுகளாக நின்றதால் மக்கள் அவ்விடத்தைப் பாலைவனம் என்றே அழைத்துப் படமெடுக்கப் போனார்கள். மலேசியக் கடற்படையினர் பிரான்சில் பயிற்சி பெற்ற ‘உசாங்’ என்னும் நீர்மூழ்கி, 2011இல் மலாக்காவுக்கு வந்து இங்கே அருங்காட்சியகமாயிற்று. தென்னை நின்ற கரையில் தேங்காய் ஷேக் வாங்க வரிசை நிற்கிறது. கரை தள்ளிப் போனபோது, தலைமுறைகளாக வீட்டெதிரே படகு கட்டியவர்களுக்குக் கடலே தள்ளிப் போனது. 2008இல் யுனெஸ்கோ வரைந்த உலக மரபு எல்லைக்கு வெளியே கிளேபாங் இருக்கிறது. எனவே அந்த எல்லைக்குரிய கவனம் இங்கே அழிவதன்மீது விழுவதில்லை.

ஆசிரியர் கையில் ஒரு பணி

இங்கே அழிவதைப் பதிவு செய்ய வழியுண்டா என்றால், நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸ் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. போரில் ஆவணங்கள் பெருமளவில் அழிந்துபோன அந்நாட்டில், 1951இல் அதிபர் கிரினோ ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு சிற்றூரின் வரலாறு, வழக்கங்கள், கதைகள் யாவற்றையும் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர்களே முதியோரிடம் கேட்டு எழுதினார்கள். பிழைகள் இருந்தாலும், நாட்டுப்புற நகராட்சி ஒன்றைப் பற்றி எழுதப் புகும் பலரும் இன்றும் முதலில் புரட்டுவது அந்த ஏடுகளைத்தான்.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் சேர்க்கைப் பதிவேடுகளில் தோட்டங்களின் பெயரும் பெற்றோரின் தொழிலும் இருக்கும். கோயில் கணக்கு நோட்டுகளில் உபயகாரர் பட்டியல் இருக்கும். பழைய நிலப் பட்டாக்களில் கைமாறிய வயல்களின் விவரம் இருக்கும். இவற்றை முக்கிம் வாரியாகத் திரட்டி எழுதினால், செட்டிகளின் வரலாறு ஒரு நூலிலும் தோட்டத்தாரின் வரலாறு வேறொரு நூலிலுமாகப் பிரிந்து கிடக்கும் நிலை மாறும். நூறு ஆண்டுக்கு மேலாக ஒரே சந்தைக்கும் ஒரே திருவிழாவுக்கும் வந்துபோன மக்களை ஒரே ஏட்டில் சேர்க்க முடியும். கிளேபாங்கிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.