வரைபலகையும் கட்டளையும்: திண்டுக்கல் பூட்டை முன்வைத்து

பொறியியல் வரைபடத் தயாரிப்பின் வரலாற்றில், கோடு போடுவதைவிடப் போட்ட கோட்டைப் படியெடுப்பதும் திருத்துவதுமே மிகுந்த உழைப்பைக் கோரின. வரைபலகையில் டி-ஸ்கொயர், செட்ஸ்கொயர் ஆகியவற்றின் துணையோடு பென்சிலால் வரைந்த படத்தின்மேல், ஒளி ஊடுருவும் டிரேசிங் தாளை விரித்து மையால் படியெடுப்பதற்கென்றே டிரேசர் என்ற பணியாளர் இருந்தார்; அத்தாளிலிருந்து, ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறையில் நீலப்படியும், பின்னாளில் அமோனியா படியும் எடுக்கப்பட்டுப் பட்டறைக்குச் சென்றன. ஒரு துளை இடம் மாறினாலும் மையைப் பிளேடால் சுரண்டித் திருத்தி, மீண்டும் படியெடுக்க வேண்டியிருந்தது.

1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், திரையிலேயே படம் வரைந்து திருத்தலாம் என்று காட்டியது. 1982 டிசம்பரில் வெளியான ஆட்டோகேட் மென்பொருள் அந்த ஆற்றலை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. திண்டுக்கல்லில் பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி 1984இல் தொடங்கப்பட்டது. ஆக, வரைவு அலுவலகங்கள் பலகையை விட்டு விலகத் தொடங்கிய காலத்தையொட்டியே இக்கல்லூரியும் எழுந்தது.

ஆட்டோகேட் கட்டளைகள் செய்த மாற்றத்தை இவ்வூர்ப் பூட்டைக்கொண்டே விளக்கலாம். லீவர் என்பது பூட்டினுள் அடுக்கப்படும் தட்டையான தகடு. சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் உரிய உயரத்துக்குத் தூக்கும்போதுதான் அவற்றின் வெட்டுகள் ஒரே நேராக அமைந்து தாழ் நகரும். தகடுகளின் புறவடிவம் ஒன்றே, வெட்டின் இடம்தான் வேறு என்பதால், பலகையில் ஏழு லீவரை ஏழு முறை வரைந்த இடத்தில், கணினியில் ஒன்றை வரைந்து 'காப்பி' கட்டளையால் பெருக்கி, 'ஸ்ட்ரெச்' கட்டளையால் வெட்டை மட்டும் நகர்த்தினால் போதும். ரிவெட் போன்ற திரும்பத்திரும்ப வரும் உறுப்பை 'பிளாக்' எனும் தொகுப்பாகச் சேமித்தால், அதன் வரையறையை ஒருமுறை மாற்றியதும் அப்படத்தில் அது வரும் எல்லா இடங்களும் மாறும். தாளுக்கேற்ற அளவுவிகிதத்தை முதலிலேயே முடிவுசெய்த பழைய முறைக்கு மாறாக, முழு அளவில் வரைந்து, அச்சிடும்போது விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் வந்தது.

இவற்றால் டிரேசரின் தொழில் மறைந்தது. ஆனால் திருத்தத்தைப் பரப்பும் அதே கட்டளை பிழையையும் பரப்புவதால், சரிபார்ப்பவரின் பொறுப்பு கூடியது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கைவேலையாகவே வளர்ந்தது. லீவரைச் சாவியோடு பொருத்திப் பார்த்து அரத்தால் ராவும் கைவினைஞரிடம் செய்வதும் சரிபார்ப்பதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. வரைபடத்தை நம்பி உறுப்புகளைத் தனித்தனியே செய்யும் உற்பத்தியிலோ அவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன. கட்டளைகள் சுருக்கியது வரையும் நேரத்தையே, பொருந்துமா என்று ஆராயும் நேரத்தை அன்று.