நைல் வாய்க்கால் நீரும் கண்ணாடி சிரிஞ்சும்

மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, விடுதி உப்புமாவைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத வேறு பலர் இருக்கிறார்கள். விலங்கியல் படித்தவன் என்ற முறையில் நான் ஒரு புழுவைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க!

நம் துறை நண்பர்களுக்கு ஷிஸ்டோசோமா நினைவிருக்கும். ஆண் புழுவின் உடலிலுள்ள பள்ளத்தில் பெண் புழு ஒண்டியிருக்கும் படத்தை ரெக்கார்டு நோட்டில் பென்சிலைச் சீவிச் சீவி வரைந்தோம், ஐந்து மார்க் வாங்கினோம், அத்தோடு சரி. அந்தப் புழுவை ஒழிக்கப் போய் எகிப்து தேசம் பட்ட பாடு நம் பாடப் புத்தகத்தில் இல்லை. அதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த நோய் எகிப்துக்குப் புதிதல்ல. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மம்மிகளின் சிறுநீரகத்தில் இதன் முட்டைகள் இருப்பதை 1910-ல் மார்க் அர்மாண்ட் ருஃபர் கண்டு சொன்னார். புழுவைக் கண்டுபிடித்தவர் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ், ஆண்டு 1851. அவர் பெயராலேயே நோய்க்கு பில்ஹார்சியா என்று பெயர். சிறுநீரில் ரத்தம் போகும், ஈரல் கெடும், வேலை செய்யத் தெம்பு இருக்காது.

பழைய நோய்தான். ஆனால் அதை நாடு முழுவதும் பரப்பியது புதிய பாசனம். முற்காலத்தில் நைல் ஆண்டுக்கு ஒருமுறை பெருகும்; வயல்களில் நீரைத் தேக்கி வடியவிட்டு விதைப்பார்கள்; ஒரு போகம் முடிந்தால் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்தக் காய்ச்சலில் நத்தைகளில் பெரும்பகுதி செத்துவிடும். 19-ம் நூற்றாண்டில் முகமது அலி பாஷா காலத்தில் பருத்திக்காக ஆண்டு முழுவதும் நீர் ஓடும் வாய்க்கால்களை வெட்டத் தொடங்கினார்கள். 1902-ல் பிரிட்டிஷார் அஸ்வானில் ஓர் அணை கட்டினார்கள். அதன் பிறகு வந்த உயர் அணையின் வேலை 1960-ல் தொடங்கி 1970-ல் முடிந்தது. இரண்டு போகம், மூன்று போகம் விளைந்தது. வற்றாத வாய்க்காலில் நத்தைகளும் வற்றாமல் பெருகின.

நத்தைக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நோயாளியின் சிறுநீர், மலம் வழியாக முட்டை தண்ணீரில் விழுகிறது. அதிலிருந்து வரும் குஞ்சு நத்தைக்குள் புகுந்து வளர்ந்து, ஆயிரக்கணக்கில் பெருகி மறுபடி நீருக்கு வருகிறது. முழங்கால் தண்ணீரில் நின்று மதகு திறக்கும் விவசாயியின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. இந்தச் சுற்றை எகிப்தில் வைத்து நிரூபித்தவர் ராபர்ட் லெய்ப்பர், 1915-ல். 1930-களில் தென் எகிப்தின் சில ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் பாசனம் வந்தபோது கணக்கெடுத்துப் பார்த்தார்கள். சுமார் பத்து சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருந்த நோய், மூன்றே ஆண்டுகளில் ஊருக்கு ஊர் 44 முதல் 75 சதவீதம் வரை ஏறிவிட்டது!

எகிப்தியர் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பாடகர் அப்துல் ஹலீம் ஹஃபீஸ் கிராமத்துப் பிள்ளை. சிறுவயதில் தொற்றிய பில்ஹார்சியா அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டி, 1977-ல் 47 வயதிலேயே கொண்டுபோய்விட்டது. பாட்டுக்கட்டிய பெரிய மனிதருக்கே இந்தக் கதி என்றால் வயலில் நின்ற ஏழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1918-ல் சூடானில் கிறிஸ்டோபர்சன் என்ற மருத்துவர், டார்ட்டர் எமட்டிக் என்னும் ஆன்டிமனி மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றினால் புழு சாகும் என்று காட்டியிருந்தார். குமட்டலும் வாந்தியும் வரும் கடுமையான மருந்து. வாரம் ஒரு ஊசி வீதம் பல வாரங்கள் போட வேண்டும். 1950-களிலிருந்து எகிப்து இதைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றது. 1964-லிருந்து 1982 வரை ஆண்டுக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் பேருக்கு, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். குணமான விவசாயி மறுநாளே அதே வாய்க்காலில் இறங்கியாக வேண்டுமே! மறுபடி புழு, மறுபடி ஊசி.

இங்கேதான் கதை திரும்புகிறது. அன்று இருந்தவை கண்ணாடி சிரிஞ்சுகள். வரிசையோ நீளம், சிரிஞ்சுகளோ கொஞ்சம். ஒருவருக்குப் போட்டதைக் கழுவி, ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கொதிக்க வைத்து அடுத்தவருக்குப் போட்டார்கள். ஒருவர் ரத்தத்திலிருந்த வைரஸ் அடுத்தவருக்குப் போயிற்று. அதன் பெயர் ஹெபடைடிஸ் சி. சத்தமில்லாமல் இருபது, முப்பது ஆண்டுகள் ஈரலை அரித்து, பிறகு ஈரல் சுருக்கம், புற்றுநோய் என்று தலைகாட்டும். அந்த வைரஸையே விஞ்ஞானிகள் 1989-ல்தான் அடையாளம் கண்டார்கள். 1980-களில் பிராசிகுவான்டல் மாத்திரை வந்து ஊசிக்கு வேலை இல்லாமல் போனது. அதற்குள் விதைத்தது விதைத்ததுதான்.

2000-ல் லான்செட் இதழில் கிறிஸ்டினா ஃபிராங்க் முதலானோர் கணக்கை வெளியிட்டார்கள். எந்த வட்டாரத்தில், எந்த வயதினருக்கு அதிக ஊசி போடப்பட்டதோ, அங்கேதான் இந்த வைரஸும் அதிகம். பல் பிடுங்குதல், ரத்தம் ஏற்றுதல் போன்ற வழிகளில் பரவல் பிறகும் தொடர்ந்தது. 2008 கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் ரத்தத்தில் இத்தொற்றின் தடயம் இருந்தது.

"பாவம், அவர்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வைரஸ் தெரியாது, உண்மை. ஆனால் சிரிஞ்சு வழியாகக் காமாலை பரவும் என்பது 1940-களிலேயே மருத்துவ உலகில் எழுதப்பட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தது சிறுநீரில் ரத்தம். தெரியாதது முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் நோய். அவசரத்தில் முன்னதை மட்டும் கணக்கில் எழுதினார்கள். பாசனத்திலும் இதேதான் நடந்தது: பருத்தி மூட்டையை எண்ணினார்கள், நத்தையை யாரும் எண்ணவில்லை.

அதற்காக அணையே வேண்டாம், ஊசியே வேண்டாம் என்று சொல்லும் கட்சி நானல்ல. எகிப்தே பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 84 ஆயிரம் டாலர் விலை சொன்ன சோஃபோஸ்புவிர் மாத்திரையை 2014-ல் 900 டாலருக்குப் பேரம் பேசி வாங்கினார்கள். பிறகு உள்நாட்டிலேயே இன்னும் மலிவாகத் தயாரித்தார்கள். 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏழே மாதங்களில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதித்து, தொற்று உள்ளவர்களுக்கு இலவச சிகிச்சை கொடுத்தார்கள். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் இந்நோயை ஒழிக்கும் பாதையில் எகிப்துக்குத் தங்கத் தகுதி வழங்கியது. ஊசியால் வந்த கேட்டைத் தீர்த்ததும் மருத்துவமே.

நம்மில் டாக்டர்கள் இருக்கிறார்கள். பொதுப்பணித் துறையிலும் வேளாண் துறையிலும் பணியாற்றியவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பேரப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு திட்டம் நல்லது என்று தெரிந்தவுடன் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவது மனித சுபாவம். "இதனால் என்ன லாபம்?" என்று கேட்ட அதே வாயால், "இதில் யாரும் எண்ணாமல் விட்டது எது? அதை யார் உடம்பு சுமக்கப் போகிறது?" என்றும் கேட்டு வைப்போம். கல்லூரி நமக்குச் சொல்லிக் கொடுத்த விஞ்ஞானம் அதுதான் என்று நான் எண்ணுகிறேன்.